சொல்லின் தலையைப் பிடித்த பாக்கியம்

இந்த மலைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்க வந்திருக்கும் தம்பிமாரே, தங்கைமாரே, உங்கள் பையில் ஒரு சொற்பட்டியல் இருக்கும் என்று எனக்குத் தெரியும். நாளுக்கு இருபது சொல், பக்கத்தில் தமிழ்க் கருத்து, மறுநாள் காலையில் சோதனை. நானும் அதே பட்டியலோடுதான் வந்தேன். அட்டன் பக்கத்துப் பாடசாலைகளில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்து இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். அதில் முக்கால்வாசிக் காலத்தை அந்தப் பட்டியலோடு வீணாக்கினேன் என்று உங்களிடம் ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டிய நாட்களில் நான் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தேன்.

எச்சரிக்கை கிடைக்காமல் இல்லை. நான் வேலைக்கு வந்த புதிதில் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் ஆலோசகர் அம்மா என் வகுப்பைப் பார்க்க வந்தார். சிங்களவர், தமிழையும் சரளமாகப் பேசுவார். பின் வாங்கில் உட்கார்ந்து பாடம் முழுவதையும் பார்த்தார். வெளியே வந்ததும், "டீச்சர், இப்பிடி ஒண்ணு ஒண்ணா குடுத்தா எப்ப முடியும்? இந்தப் பிள்ளைங்களுக்குப் பல்லு விழுந்தாலும் நீங்க குடுத்துக்கிட்டுத்தான் இருப்பீங்க. சொல்லைக் குடுக்காம, சொல்லு எப்பிடிக் கட்டியிருக்குன்னு காட்டுங்க" என்றார். நான் பணிவாகத் தலையாட்டினேன். தேநீர் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் காலையில் கரும்பலகையில் அடுத்த இருபது சொற்களை எழுதினேன்.

என்னை மாற்ற ஓர் ஆலோசகரால் முடியவில்லை. தேயிலை வாட்டும் ஒரு பெண்ணால் முடிந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது நான் வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் இருந்தேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஒருநாள் பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கை வாங்க வந்த அம்மாமார் நான்கைந்து பேர் என் மேசையைச் சுற்றி நின்றுகொண்டு போகாமல் தயங்கினார்கள். கடைசியில் ஒருத்தி, "எங்களுக்கும் கொஞ்சம் இங்கிலீசு சொல்லிக் குடுங்களேன் டீச்சர். போன்ல வர்றது ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்பு என்று முடிவானது. அதிபர் ஆறாம் வகுப்பு அறையின் திறப்பைக் கொடுத்தார். அட்டனிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, தேயிலைக்கு நடுவே ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டே போய்ச் சேர்வேன்.

பன்னிரண்டு பேர் வந்தார்கள். அநேகமாக எல்லோரும் ஸ்டோரில் வேலை செய்பவர்கள். தேயிலைத் தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். நான் பாடப் புத்தகத்தைத் திறந்து "என் பெயர் இது, என் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது" என்று ஆரம்பித்தேன். வாரம் ஆறு நாள் நின்றே வேலை செய்த பெண்கள், வாங்கில் உட்கார்ந்ததும் தூங்கி விழுந்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "தூங்குறதுக்குன்னா லயத்து வீட்லயே தூங்கலாமே, எதுக்கு என்னைய மலை ஏற வைக்கிறீங்க" என்று கத்தியும் விட்டேன். பூனையைப் பற்றி அவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்ல ஒன்றுமில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பாக்கியலெட்சுமி மட்டும் தூங்கமாட்டார். என்னைவிட ஒரு வயது மூத்தவர், மெலிந்த உடம்பு, எதைப் பார்த்தாலும் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் பழக்கம். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஆங்கில எழுத்தைக் கூட்டி வாசிப்பார், பொருள் தெரியாது. ஸ்டோர் மேல்மாடியில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டும் பெண்களுக்கு அவர்தான் பொறுப்பு. ஆறாவது ஞாயிறு, வகுப்பு முடிந்ததும் அவர் தன் போனை என் முன்னால் வைத்தார். ஸ்டோர் வாசல் பலகையில் ஒட்டியிருந்த ஒரு கடதாசியைப் படம் பிடித்து வைத்திருந்தார். தோட்டத்துத் தேயிலையைக் கொழும்பில் ருசி பார்க்கும் தரகர்கள் வாராவாரம் அனுப்பும் அறிக்கை அது. வழமைக்கு அதை ஒட்டுவார்கள். ஒருவரும் வாசிப்பதில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"இதுல மூணு எடத்துல ஒரே தலையா இருக்குங்க. ஒடம்பு வேற வேற, தலை மட்டும் ஒண்ணு. அது ஏங்க?"

விரலால் தொட்டுக் காட்டினார். அண்டர்விதர்ட், அண்டர்ஃபெர்மென்டட், அண்டர்ஃபயர்ட். நான் அந்த மூன்று சொற்களையும் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன். விதரிங், ஃபெர்மென்டிங், ஃபயரிங் என்று அவர்கள் நாள்தோறும் ஸ்டோரில் சொல்லிக்கொள்ளும் சொற்கள்தான் இவை. வாட்டுவது, புளிக்க வைப்பது, சூளையில் காய வைப்பது. உடம்பெல்லாம் அவருக்குத் தெரியும். தலை ஒன்றுதான் தெரியாது.

"அண்டர்னா கீழே. இங்க, போதாதுன்னு அர்த்தம்" என்றேன்.

"அப்ப, வாட்டினது போதல. புளிச்சது போதல. காய வச்சது போதல." நிதானமாகச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "ஒரே தலையில மூணு சொல்லு படிச்சிட்டேங்களா டீச்சர்?"

ஆறு வாரத்தில் நான் கொடுத்ததைவிட அரை நிமிடத்தில் அவர் எடுத்தது அதிகம். ஆலோசகர் அம்மா அன்று சொன்னது எனக்கு அப்போதுதான் மண்டைக்குள் இறங்கியது. அடுத்த ஞாயிறு பூனையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

கரும்பலகையில் ஏழு தலைகளை மட்டும் எழுதினேன். அண்டர், ஓவர், அன், டிஸ், மிஸ், ரீ, ப்ரீ. முன்னொட்டு என்று இலக்கணப் பெயர் சொல்லிப் பார்த்தேன், யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. தலை என்றால் தலைதான். "இந்தத் தலை வச்ச சொல்லு உங்க வாய்ல ஏற்கெனவே இருக்கா?" என்று கேட்டேன். முதலில் ஒருத்தி மெதுவாக, "ரீலோட்" என்றாள். அடுத்தவள், "ப்ரீபெய்ட்". "ஓவர்டைம்." "அன்லொக்." ஆளுக்கு ஆள் போட்டி. தலையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் பிரித்தோம். திரும்பப் போடுவது ரீலோட். முன்னாலேயே காசு கட்டியது ப்ரீபெய்ட். நேரத்துக்கு மேலே ஓவர்டைம். பூட்டைத் திறப்பது அன்லொக். அன்று யாரும் தூங்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு வகுப்பை முடிக்க நான்தான் கெஞ்ச வேண்டியிருந்தது.

அதன் பிறகு கொஞ்ச நாள் அவர்களுக்குத் தலைப் பைத்தியம் பிடித்தது. தலவாக்கலைக் கடைத்தெருவில் ஒரு பெயர்ப்பலகை விடமாட்டார்கள். ஒருத்தி உள்ளாடைக் கடை முன்னால் நின்று அண்டர் என்று உரக்க வாசித்துவிட்டு, கடைக்கார நானா எட்டிப் பார்த்ததும் ஓட்டம் பிடித்தாளாம். இன்னொருத்தி, "டீச்சர், எழுத்துல பாத்தா அங்கிள்ல கூட அன் இருக்கே. எங்க மாமா எது இல்லாதவரு?" என்று கேட்டு வகுப்பையே சிரிப்பில் உருட்டிவிட்டாள். நான் கோபப்படவில்லை. தலையை எடுத்துவிட்டுப் பாருங்கள், மீதி உடம்பு தனியாக நிற்குமானால் அது தலை, நிற்காவிட்டால் தலை இல்லை என்று ஒரு விதி சொன்னேன். சரியான விதி போலத்தான் இருந்தது. அது எங்கே காலை வாரியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த மாதங்களில் ஸ்டோர் மூடப்படும் நிலையில் இருந்தது. பல வாரங்களாக அறிக்கைகள் மோசம், தேயிலைக்கு மதிப்பில்லை. அறிக்கை திருந்தாவிட்டால் ஸ்டோரைப் பூட்டிவிட்டு, கொழுந்தை லொறியில் வேறொரு தோட்டத்துக்கு அனுப்பிவிடுவதாகத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை சொல்லிவிட்டார். ஸ்டோர் ஆட்கள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக வேண்டும், மலையில் இடமில்லாதவர்கள் வீட்டில் இருக்க வேண்டும். தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா தன்னால் முடிந்ததெல்லாம் செய்து பார்த்தார். கொழுந்தை உருட்டும் ரோலர்களைக் கழற்றிப் பூட்டினார், சூளைச் சூட்டைக் கூட்டினார், குறைத்தார். ரோலர் அறையில் வேலை செய்யும் ஆண்களை நாள்தோறும் ஏசினார். மாடி வழமைபோல் நடக்கிறது என்று நம்பி, பழுது ரோலரில்தான் என்று அவர் முடிவுகட்டியிருந்தார். ஆட்களிடம் அவர் சொன்னதெல்லாம், "தேயிலை சரியில்லன்னு எழுதியிருக்காங்க" என்ற ஒரு வசனம் மட்டுமே. என்ன சரியில்லை என்பது கடதாசியில் இருந்தது, கடதாசி ஆங்கிலத்தில் இருந்தது.

ஒரு ஞாயிறு வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் பாக்கியம் எழும்பவில்லை. பையிலிருந்து சுருட்டிய ஒரு காலண்டரை எடுத்து மேசையில் விரித்தார். முருகன் படம் போட்ட சுவர்க் காலண்டர். சில திகதிகளில் பேனையால் வட்டம் போட்டு, உள்ளே ஓரெழுத்து எழுதியிருந்தது. பக்கத்தில் எட்டு வாரத்து அறிக்கைகளின் போட்டோப் பிரதிகளை வைத்தார். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அந்தத் தேயிலைக்குக் கொழுந்து வந்த திகதியை டீமேக்கர் ஐயா பென்சிலால் குறித்திருந்தார்.

"அண்டர்விதர்ட்னு போட்ட திகதியெல்லாம் இங்க வட்டம் போட்ட திகதிங்க டீச்சர். ஒண்ணு கூடத் தப்பல."

"இது என்ன வட்டம்?"

வட்டங்களில் ஒன்றைத் தொட்டார். பிறகு சொன்னார். வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா நாலரை மணிக்குப் பூட்டிவிடும். கொழுந்து அதிகமாக வரும் நாட்களில், தோட்டத்தின் மேல்பிரிவிலிருந்து கொழுந்து ஏற்றி வரும் லொறி நாலு மணிக்குத்தான் ஸ்டோருக்கு வந்து சேரும். அந்தக் கொழுந்தை உதறி, மெல்லிசாகப் பரப்பி முடிக்க ஐந்தாகிவிடும். மாடியில் நான்கு பேர், அதில் மூவர் கைக்குழந்தைக்காரிகள். முன்பொரு நாள் காம்பரா பூட்டிய பிறகு, மூன்று வயதுப் பெண் குழந்தையொன்று வாசலில் மழையில் நனைந்துகொண்டு நின்றதை பாக்கியம் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து லொறி பிந்தும் நாட்களில் இரண்டு பேரை முறை வைத்து, மூவரின் பிள்ளைகளையும் கூட்டிப் போக நாலேகாலுக்கே அனுப்பிவிடுவார். யாருடைய முறை என்று சண்டை வராமலிருக்கக் காலண்டரில் வட்டமும் எழுத்தும். மீதி இரண்டு பேரால் அவ்வளவு கொழுந்தையும் பரப்ப முடியாது. கொழுந்து பரப்பும் கடைசித் தட்டில் குவியலாகக் கொட்டிவிட்டுக் காற்றாடியைப் போட்டுவிடுவார்கள். மேலே உள்ளது வாடும், அடியில் உள்ளது பச்சையாகவே கிடக்கும். அப்படியே மறுநாள் ரோலருக்குப் போகும்.

"ஒரு தட்டுதானேன்னு நெனைச்சேங்க. அது மத்ததோட கலந்துரும்னு நெனைச்சேன்." குரல் இறங்கிப் போயிருந்தது. "நான் வாசிச்சது சரிதானாங்க டீச்சர்? அண்டர்விதர்ட்னா வாட்டினது போதலன்னுதானே?"

இந்த இடத்தில் நான் செய்த தவறை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், உங்களில் பலருக்கும் இது நேரும். அவர் சொல்லாமல் இருந்தால் ஸ்டோர் போய்விடும். சொன்னால் மாடிப் பொறுப்பு போய்விடும், அந்த மூன்று தாய்மாரும் மாட்டுவார்கள். எனக்கு அவர் மேல் அவ்வளவு பாசம். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நான் பொய் சொன்னேன்.

"நிச்சயமா சொல்ல முடியாது பாக்கியம். தரகருங்க எழுதுற இங்கிலீஷ் வேற மாதிரி. அதுல வேற அர்த்தமும் இருக்கலாம்."

அவர் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க டீச்சர். வகுப்புல அந்தத் தலைக்கு ஒரு அர்த்தம், தரகரு கடதாசியில இன்னொரு அர்த்தமா? வேணாங்க. எனக்குப் பொய் வேணாம். தெரிஞ்சிருச்சு."

காது சிவந்துபோனது எனக்கு. இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியவில்லையே என்று புலம்பியவள், வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் வாசித்தது பொய் என்று சாதிக்கப் பார்த்தேன். "மன்னிச்சிருங்க" என்றேன். "நீங்க வாசிச்சது சரி. ஒவ்வொரு வரியும் சரி." அவர் காலண்டரைச் சுருட்டினார். "நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் என்கூட வர்றீங்களா? நான்தான் பேசுவேன். நீங்க பக்கத்துல நின்னாப் போதும்."

திங்கட்கிழமை இரண்டு மணிக்கு டீமேக்கர் ஐயாவின் அறையில் நின்றோம். நல்ல மனிதர், அந்த மாதங்களில் தூக்கமில்லாமல் முகம் கறுத்திருந்தது. பாக்கியம் அறிக்கைகளை மேசையில் வைத்து, அண்டர்விதர்ட் என்று வாசித்ததும் அவர் சிரித்துவிட்டார்.

"நீ எப்ப பாக்கியம் இங்கிலீஷ் படிச்ச? டீச்சர் சொல்லிக் குடுத்ததைப் பாடமாக்கிட்டு வந்து ஒப்பிக்கிறியா?"

எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் தன் போனை எடுத்து, அன்று காலை தரகரிடமிருந்து வந்த புதிய செய்தியைத் திறந்து பாக்கியத்தின் கையில் கொடுத்தார். "இதை டீச்சரும் பாக்கல, நீயும் பாக்கல. வாசி பாப்போம்."

அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கும் தெரியாது. பாக்கியம் தெரியாத சொல்லில் தடுக்கி விழுந்தால் அவர் சொல்லப்போகும் எதையும் இந்த மனிதர் நம்பமாட்டார். பாக்கியம் போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். பிறகு ஒவ்வொரு சொல்லின் முன்புறத்திலும் விரலை வைத்து வைத்து வாசித்தார்.

"அண்டர்விதர்ட். வாட்டினது போதல. அனீவன்... அன்னுன்னா இல்ல. ஈவன்னா சமம், தூள் சலிக்கிற சிஃப்டிங் அறையில சொல்லுவாங்க. சமமா இல்ல. டிஸ்கலர்ட். கலர் தெரியும். கலர் கெட்டுப்போயிருக்கு." அடுத்த சொல்லில் நின்றார். நீளமான சொல். உதடு அசைந்தது. "மிஸ்... ஹேண்டில்ட். மிஸ்னா தப்பா. ஹேண்டுன்னா கை." விரலைப் பக்கத்துச் சொல்லுக்கு நகர்த்தினார். "ப்ரீ... ரோலிங். ப்ரீன்னா முன்னாடி. கொழுந்தை ரோலருக்குப் போறதுக்கு முன்னாடியே யாரோ தப்பாக் கையாண்டிருக்காங்கன்னு போட்டிருக்குங்க ஐயா."

டீமேக்கர் ஐயா போனை வாங்கித் தானும் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. பென்சிலால் திகதி குறித்து வைத்திருந்த மனிதர், ரோலருக்கு முந்திய மாடியை ஒருநாளும் ஏறிப் பார்க்கவில்லை.

"அந்தக் கை என்னோடதுங்க" என்றார் பாக்கியம்.

பிறகு காலண்டரை விரித்து எல்லாவற்றையும் சொன்னார். தாய்மாரின் பெயரைச் சொல்லவில்லை. "முறை வச்சது நான். அனுப்பினது நான். அவங்கள கேக்க வேணாம்." அவர் அழவில்லை. என்னை அறியாமல் முன்னால் ஓரடி வைத்தேன், பாக்கியம் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"ரோலர்காரங்கள நான் ரெண்டு மாசமா ஏசிக்கிட்டு இருக்கேன்" என்றார் டீமேக்கர் ஐயா. அதை யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை, தனக்குத்தானே சொன்ன மாதிரி இருந்தது. காலண்டரைத் தன் பக்கம் இழுத்து வட்டங்களைப் பார்த்தார். "இப்ப என்னா செய்யலாம்னு நெனைக்கிற?"

பாக்கியம் அதற்கும் ஆயத்தமாகத்தான் வந்திருந்தார். "கொழுந்து கூட வர்ற நாள்ல லொறிய மொதல்ல மேல்பிரிவுக்கு அனுப்பணும். பணிய உள்ள கீழ்ப்பிரிவு கிட்டத்தானே, அது பெறகு வந்தாலும் நேரத்துக்கு வந்துரும். காம்பராவ அஞ்சு மணி வரைக்கும் தொறந்து வைக்கணும். அது ரெண்டும் நடந்தா ஒரு தட்டும் குவியாதுங்க. நான் பொறுப்பு. என்னைய மலைக்கு அனுப்புறதுன்னா அதுக்கப்புறம் அனுப்புங்க."

டீமேக்கர் ஐயா ஒரு துண்டில் எழுதிக்கொண்டு துரையின் பங்களாவுக்குப் போனார். மறுநாளிலிருந்து இரண்டும் நடந்தது, ஒரு மாதத்துக்கு மட்டும், பார்க்கலாம் என்று. அந்த ஒரு மாதம் பாக்கியம் மாடியில் ஒவ்வொரு தட்டின் அடியிலும் கையை விட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போவாராம். ஞாயிறு வகுப்புக்கும் தவறாமல் வந்தார். அறிக்கை கொழும்பில் ருசி பார்த்து வர வாரங்கள் ஆகும். எனக்கும் ரயிலில் உட்கார்ந்தால் அதே நினைவுதான். என் பிள்ளைகளின் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேற்றுக்குக்கூட நான் இப்படிக் காத்திருக்கவில்லை.

நான்காவது ஞாயிறு, பதினொரு மணி இருக்கும். வகுப்பு வாசலில் நிழல் தட்டியது. டீமேக்கர் ஐயா கையில் ஒரு கடதாசியோடு நின்றார். பன்னிரண்டு பேரும் எழும்பிவிட்டார்கள். அவர் என்னிடம் தரவில்லை. நேரே போய்ப் பாக்கியத்திடம் நீட்டினார்.

"நான் வாசிக்கல. நீயே வாசி. எல்லாருக்கும் கேக்கட்டும்."

பாக்கியம் கடதாசியை வாங்கிக்கொண்டு மறுபடியும் ஒவ்வொரு சொல்லின் முன்புறத்தில் விரலை வைத்தார். "வெல்... விதர்ட். நல்லா வாட்டினது." நிமிர்ந்தார். "தலை இல்ல." அடுத்தது. "ஈவன். தலை இல்ல." பின்னால் இருந்து இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்துகொண்டன. "ப்ரைட்." "தலை இல்ல" என்றார்கள் எல்லோரும். ஒவ்வொரு வரியாக இறங்க இறங்கச் சத்தம் ஏறியது. எட்டு வாரமாக அந்தக் கடதாசியில் முட்டிக்கொண்டு நின்ற அண்டரும் அன்னும் டிஸ்ஸும் மிஸ்ஸும் ஒன்றுகூட இல்லை.

கடைசி வரியில் நின்றுவிட்டார். "இம்ப்ரூவ்ட்னு ஒண்ணு இருக்குங்க டீச்சர்."

வகுப்பு அடங்கியது. இம் என்ற தலையை நான் போன வாரம்தான் கொடுத்திருந்தேன். இம்பொசிபிள், முடியாதது. தலையை எடுத்தால் ப்ரூவ்ட் தனியாக நிற்கிறது, நிரூபித்தது என்று பொருளும் இருக்கிறது. என் விதிப்படி பார்த்தால் இது நிரூபிக்காதது, கெட்ட சொல். நான் பெருமையாகச் சொல்லிக் கொடுத்த விதி சரியாக அந்த நேரம் பார்த்துக் காலை வாரியது. வாயைத் திறந்தேன். அதற்குள் பாக்கியமே பேசினார்.

"இது தலையா இருக்காதுங்க. சுத்தி இருக்கறதெல்லாம் நல்ல சொல்லு. இது ஒண்ணு மட்டும் கெட்டதா எப்பிடி நடுவுல வந்து நிக்கும்? நல்லாயிருச்சுன்னுதான் இருக்கணும்."

"முன்னைவிட நல்லாயிருக்கு" என்றேன். "அதுதான் அர்த்தம். அதேதான்."

பிறகு நடந்ததை நான் எப்படி எழுதுவது. வாங்குகள் நகர்ந்தன. யாரோ பாக்கியத்தைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். யாரோ அழுதாள். டீமேக்கர் ஐயா வாசலில் நின்று செருமிவிட்டு, "தொரை பேசிட்டாரு. ஸ்டோரைப் பூட்ட மாட்டாங்க" என்றார். "மாடிக்கு நீதான் பாக்கியம். இனி ரிப்போட்டைப் பெரட்டுல நீயே வாசிக்கணும்." பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு முன் ஆட்கள் கூடும் இடம். எனக்குத் தெரிந்து அங்கே இதுவரை ஐயாமார் மட்டும்தான் வாசித்திருக்கிறார்கள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷத்தை நான் ஒரு வகுப்பறையில் அதற்கு முன் கண்டதில்லை.

உங்களுக்கு இதிலிருந்து என்ன வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். தலைகளைச் சொல்லிக் கொடுங்கள், அவர்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொற்களிலிருந்து ஆரம்பியுங்கள். தலை ஒன்றை மட்டும் நம்பாமல், பக்கத்தில் நிற்கும் சொற்களையும் பார்க்கப் பழக்குங்கள். அதை நான் பாக்கியத்திடமிருந்துதான் கற்றேன். வாசிக்கக் கற்றவர் எதையாவது வாசித்துவிட்டு வந்து, இது சரிதானா என்று கேட்கும்போது, அது அவருக்கு வலிக்கும் என்று தெரிந்தாலும் பொய் சொல்லாதீர்கள். அன்று என் பொய்யை அவர் நம்பியிருந்தால் அந்த ஸ்டோர் இன்று பூட்டிக் கிடக்கும்.

போன மாதம் வட்டகொடைக்குப் போயிருந்தேன். பாக்கியத்தைப் பார்க்க மேலே ஏறும்போது பிள்ளைக் காம்பராவைத் தாண்டித்தான் போக வேண்டும். நாலரை தாண்டிவிட்டது, நல்ல மழை. வாசலில் ஒரு பிள்ளையும் நிற்கவில்லை. கதவு திறந்திருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது. ஒரு மாதத்துக்கு மட்டும், பார்க்கலாம் என்றுதான் சொன்னார்கள். இன்றைக்கும் காம்பரா ஐந்து மணிக்குத்தான் பூட்டுகிறார்கள்.